சோதனைச் சாவடிக் கடிதத்தோடு எம்.ஆர்.ஐ. அறைக்குப் போனவன்

முதலில் விழுந்தது வெண்கட்டி.

வெள்ளவத்தையில், கடலைப் பார்த்து இறங்கும் ஒழுங்கை ஒன்றில், உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் ரியூசன் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு சமன்பாட்டின் நடுவில் வலது கையிலிருந்து வெண்கட்டி நழுவியது. “புவியீர்ப்பு இன்றைக்கும் வேலை செய்கிறது” என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அடுத்த கிழமை, அந்த ஒரு வாரத்துக்குள், மூன்று தடவை விழுந்தது. அதே பகிடியை மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை ஒருவரும் சிரிக்கவில்லை. வெண்கட்டி விழுந்ததைவிட எனக்கு அதுதான் பெரிய நோயாகத் தெரிந்தது.

பிறகு ஷேர்ட் பொத்தான். வலது பெருவிரலும் சுட்டுவிரலும் பொத்தானைத் தொடும், ஆனால் தொட்டது அவற்றுக்குத் தெரியாது. மனைவி சறோதான் பூட்டிவிடுவாள்.

“ஆடாமல் நில்லுங்கோ. பாலர் வகுப்புப் பிள்ளைகூட இப்பிடி ஆடாது.”

“ஆட்டம் எனக்கில்லை, கொழும்புக்கு” என்பேன். யுத்தம் நடந்த காலம். அந்தப் பகிடிக்கும் அவள் சிரிக்கவில்லை.

உடம்புக்குள் ஏதாவது கருவி வைத்துக்கொண்டு நடமாடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்னிடம் ஒன்று இருக்கிறது. பேஸ்மேக்கர் (இதயம் மெதுவாகிப்போனால் சிறு மின்தட்டுக் கொடுத்து எழுப்புகிற கருவி). இடது தோளெலும்புக்குக் கீழே, தோலுக்குள், தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. அதற்குள் பற்றரி. அதிலிருந்து ஒரு வயர் இரத்தக் குழாய் வழியாக இறங்கி, நுனி இதயத் தசையில் குத்தி நிற்கிறது. வெண்கட்டி விழுவதற்கு மூன்று வருடம் முன்பு, பஸ்ஸுக்குள் இரண்டு தடவை மயங்கி விழுந்த பிறகு வைத்தார்கள்.

பற்றரி, வயர். இந்த இரண்டு சொல்லையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாள் கொழும்பில், அடையாள அட்டையில் யாழ்ப்பாணத்து விலாசம் உள்ள ஒருவன், நெஞ்சில் கை வைத்து இந்த இரண்டு சொல்லையும் சொல்லக் கூடாது.

நான் சொன்னேன்.

கருவி வைத்து இரண்டாம் மாதம். காலி வீதியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். ஆமிக்காரர் உடம்பில் தடவும் உலோகம் தேடும் கோல் என் நெஞ்சில் கீச்சிட்டது. “மே மொக்கத?” என்றான். இது என்ன? எனக்குத் தெரிந்த சிங்களத்தில், உதவும் நோக்கோடு, “பப்புவே பெட்றியக் தியெனவா, வயர் எக்கக் தியெனவா” என்றேன். நெஞ்சில் பற்றரி இருக்கிறது, வயர் இருக்கிறது.

அவ்வளவு பேர் அவ்வளவு வேகமாக என்னைவிட்டுப் பின்னால் போனதை நான் என் வாழ்க்கையில் கண்டதில்லை. என் பாடத்தில்கூடப் பிள்ளைகள் மெதுவாகத்தான் எழும்பிப் போவார்கள். துவக்குகள் உயர்ந்தன. ஷேர்ட்டைத் தூரத்தில் நின்றபடியே கழற்றச் சொன்னார்கள். தழும்பைக் கண்டு, கருவிக் கம்பனி தந்த ஆங்கில அட்டையைக் கண்டு, ஓர் அதிகாரி வந்து, ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்து, என்னை விடுவதற்குள் மத்தியானமாகிவிட்டது. அவ்வளவு நேரமும் பேஸ்மேக்கருக்கு வேலையில்லை. இதயம் தானாகவே ஓடு ஓடென்று ஓடியது.

அதன் பிறகு நான் போனது மாளிகாவத்தை நசீர் நானாவிடம். அவர் மனுக்களும் கடிதங்களும் மூன்று மொழியிலும் தட்டச்சில் அடித்துக் கொடுப்பவர். சிங்களத்தில் ஒரு கடிதம் வேண்டும், சாவடியில் காட்ட, என்றேன். கதை முழுவதையும் கேட்டார்.

“மாஸ்டர், உங்களுக்கு மூளை ஈக்கா? பெட்றியாம், வயராம். அந்த ரெண்டும் வாணாம். ‘நெஞ்சில் சிகிச்சைக்காக வைத்த சிறு உலோகத் தட்டு’. அவ்வளவுதான். தட்டுன்னா ஆருக்கும் பயமில்ல. சோறு திங்கிற சாமான்.”

அப்படியே அடித்தார். எங்கள் ஒழுங்கை டொக்டர், வரிசையில் முப்பது பேர் காத்திருக்க, கையெழுத்து வைத்து முத்திரை குத்தினார். கடிதத்தை பொலித்தீன் உறைக்குள் போட்டு ஷேர்ட் பையில் வைத்தேன். மூன்று வருடம் அது வேலை செய்தது. கோல் கீச்சிடும், கடிதம் வெளியே வரும், அவர்கள் படிப்பார்கள், நான் போவேன். நாளடைவில் கேள்வி முடிவதற்கு முன்பே கை பைக்குள் போய்விடும். நெஞ்சில் இருப்பது தட்டு என்று நானே நம்பத் தொடங்கிவிட்டேன் போலிருக்கிறது.

இனிக் கைக்கு வருகிறேன்.

நரம்பு டொக்டரைப் பார்க்க ஆறு கிழமை எடுத்தது. அவர் கைகளைப் பிடித்துப் பார்த்தார், முழங்காலில் சுத்தியலால் தட்டினார். கால் அவருடைய மூக்குவரை போகப் பார்த்தது.

“கழுத்தில் வட்டத்தட்டு (முள்ளந்தண்டு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை) பிதுங்கி நரம்புத் தண்டை அமர்த்துகிறது என்று நினைக்கிறேன். கை மட்டுமல்ல, கவனிக்காவிட்டால் காலும் போகும். எம்.ஆர்.ஐ. எடுங்கள் (காந்தமும் ரேடியோ அலையும் கொண்டு உடம்பின் உட்புறத்தைப் படமெடுக்கும் முறை). இதயம் எல்லாம் சரிதானே?”

இந்த இடத்தில்தான் நான் என் வாழ்க்கையின் மிக மோசமான பகிடியை விட்டேன்.

“இதயம் ஓடுது டொக்டர். ஓடாட்டி ஓட வைக்க ஆள் இருக்கு.”

அவர் சறோவைப் பார்த்துச் சிரித்தார். சறோ வெட்கப்பட்டாள். நானும் சிரித்தேன். அவர் காகிதத்தில் கழுத்து எம்.ஆர்.ஐ. என்று எழுதிக் கையில் தந்தார்.

ஸ்கான் எடுக்கும் இடத்தின் நடைபாதை குளிராக இருந்தது. எனக்குப் பக்கத்துக் கதிரையில் இராணுவத்துச் சார்ஜன்ட் ஒருவர், என் வயதுதான், நாரிவலியோடு, இடுப்பைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்திருந்தார். மேசையிலிருந்த எழுதுநர் அவரிடம் உடம்பில் இரும்பு இருக்கிறதா என்று சிங்களத்தில் கேட்டார். சார்ஜன்ட் எல்லோருக்கும் கேட்க, ஷெல் துண்டுகள், தொடையில் ஒன்று, முழங்காலில் இரண்டு, தோளில் ஒன்று என்று தட்டித் தட்டிக் காட்டினார். கடைசித் துண்டுக்கு என்னைப் பார்த்துப் புன்னகைகூடச் செய்தார். தன் இரும்பைச் சத்தமாகச் சொல்லக்கூடிய மனிதரை நான் பொறாமையோடு பார்த்தேன்.

அடுத்து என் முறை. அதே கேள்வி, அதே மொழி, பக்கத்தில் சீருடை. என் கை தானாகப் பைக்குள் போனது. கடிதத்தை நீட்டினேன். எழுதுநர் படித்தார், படிவத்தில் ‘உலோகத் தட்டு’ என்று எழுதினார். இருபது வருடமாக மின்காந்தத் தூண்டல் படிப்பித்தவன், அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைக்குள் ஒரு மணியும் அடிக்கவில்லை. அவர் எழுதி முடித்த பேனா நல்ல பேனா என்று மட்டும் தோன்றியது.

உள்ளே உடை மாற்றும் மறைப்புக்குப் பின்னால் பிலோமினா நின்றாள். ஸ்கான் இயந்திரத்தை இயக்குகிறவள், கொட்டாஞ்சேனைப் பிள்ளை. கழுத்தில் போடும் சிலுவைச் சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வேலைக்கு வருவாளாம். கையில் என் படிவம்.

“அங்கிள், பிளேட்டுன்னு போட்டிருக்கு. பிளேட்டுன்னா எலும்பு உடைஞ்சிருக்கணும். எந்த எலும்பு?”

“அது… நெஞ்சிலை.”

“நெஞ்சில எந்த எலும்பு? காட்டுங்க.”

மேலங்கியை விலக்கினாள். தோலுக்கடியில் பெட்டி புடைத்துக்கொண்டிருந்தது. அவள் ஒரு விரலை அதன் விளிம்பில் வைத்தாள். மறைப்பு முழுவதும் மூடியிருக்கவில்லை. இடுக்கால் சார்ஜன்ட்டின் சப்பாத்துத் தெரிந்தது.

“அங்கிள், இங்க யாரும் உங்கள ஒண்ணும் செய்ய மாட்டாங்க. இது என்ன, சொல்லுங்க.”

மூன்று வருடம் சொல்லாமல் இருந்த சொல் தொண்டையில் துருப்பிடித்துப்போயிருந்தது. கடைசியில் அவளுடைய காதுக்குள், ஏதோ களவு விஷயம் சொல்வதுபோல, “பேஸ்மேக்கர், பிள்ளை. பற்றரியும் வயரும்” என்றேன்.

“யேசுவே!” என்றவள் என் முழங்கையைப் பிடித்து, நிலத்தில் போட்டிருந்த மஞ்சள் கோட்டைத் தாண்டி, வந்த வழியே வெளியில் தள்ளிக்கொண்டு போனாள். அவ்வளவு மெலிந்த பிள்ளை அவ்வளவு பெரிய மாஸ்டரை எப்படித் தள்ளியது என்று இன்றைக்கும் தெரியாது. அவள் பிடித்தபோது இயந்திரம் இருந்த அறைக் கதவு என் முன்னால் ஆறடி தூரத்தில்தான் இருந்தது.

பயம் அதன் பிறகுதான் வந்தது. ஆபத்து முடிந்த பிறகு பயப்படுவதில் நான் கெட்டிக்காரன். கதிரையில் இருந்தேன், இரண்டு காலும் தையல் இயந்திர மிதிகட்டைபோல ஆடின. சார்ஜன்ட் எழும்பித் தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். வாங்கிக் குடித்தேன். நடந்ததை அறிந்து வந்த சறோ என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“வாயை மூட வேண்டிய இடத்திலை பகிடி. திறக்க வேண்டிய இடத்திலை கடுதாசி.”

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு பக்கத்தில் இருந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கதிரியக்க டொக்டர் (படங்களைப் பார்த்து நோய் சொல்பவர்) ஒரு சிங்களப் பெண்மணி. என்னை அறைக்குள் கூப்பிட்டு என்ன வேலை என்று ஆங்கிலத்தில் கேட்டார். பௌதிகவியல் படிப்பிக்கிறேன் என்றேன். அவர் என் படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

“அப்படியென்றால் நான் விளக்கத் தேவையில்லை. நீங்களே சொல்லுங்கள். அந்த வயர் எங்கள் ஸ்கான் குழாய்க்குள் போனால் என்ன நடக்கும்?”

பரீட்சை மண்டபத்தில் முழிக்கும் பிள்ளைகளை எத்தனை பேரைப் பகிடி பண்ணியிருப்பேன். அவர்களுடைய பாடு அன்றைக்குத் தெரிந்தது.

“குழாய்க்குள்ளே ரேடியோ அலை அனுப்புவீர்கள். நீளமான கம்பி அதைப் பிடிக்கும். கம்பியில் மின் ஓடும். மூடாத நுனியில் சூடு சேரும்.”

“நுனி எங்கே?”

“இதயத் தசையில்.”

“தசை வெந்தால்?”

“அந்த இடத்தில் மின்தட்டு ஏறாது. கருவி தட்டும், இதயம் கேட்காது.”

“சரி. தட்டு என்று எழுதினால் நாங்கள் யோசிப்பது ஒன்று. வயர் என்றால் முழுக்க வேறு” என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

அந்த நாட்களில் வெளிநாட்டு வானொலிச் செய்திக்காக ஜன்னலால் செப்புக் கம்பி நீட்டிக் கட்டிய ஆக்கள் நாங்கள். கம்பி நீண்டால் அலை கூடப் பிடிக்கும் என்று எங்கள் தொடர்மாடியில் சமையற்காரனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். என் நெஞ்சுக்குள் ஒரு கம்பி நீட்டிக் கட்டியிருப்பதைத்தான் மறந்துபோனேன்.

படம் எடுக்காமலும் விட முடியவில்லை. கை நாளுக்கு நாள் தேய்ந்தது. கரண்டி பிடிப்பது இடது கைக்கு மாறிவிட்டது. வேறு வகை ஸ்கானில் எலும்பு தெரிந்தது, நரம்புத் தண்டு தெரியவில்லை. முதுகில் சாயம் ஏற்றி எடுக்கலாம் என்றார்கள்; அந்தச் சாயம் முன்பொருமுறை ஏற்றியபோது நான் பலாப்பழம்போல வீங்கியவன். கருவி செய்த கம்பனி எம்.ஆர்.ஐ. வேண்டாம் என்றுதான் எழுதியிருந்தது. கடைசியில் கதிரியக்க டொக்டரும், எனக்குக் கருவி வைத்த இதய டொக்டரும், நரம்பு டொக்டரும் சேர்ந்து கதைத்து, ஆபத்தை என்னிடமும் சறோவிடமும் ஒளிக்காமல் சொல்லி, எங்கள் கையெழுத்தையும் வாங்கினார்கள். எனக்குச் செய்தார்கள் என்பதற்காக உங்களுக்கும் செய்யலாம் என்று நினைக்க வேண்டாம். உங்கள் கருவியும் உங்கள் இதயமும் வேறு. அதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் அவர்கள். நாம் செய்ய வேண்டியது உள்ளதை உள்ளபடி சொல்வது மட்டும்.

அன்றைக்கு அவர்கள் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் கை கூப்பத் தோன்றுகிறது. முதலில் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்து, வயர் எந்த வழியாகப் போகிறது, எங்காவது அறுந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். இதய டொக்டர் கருவியைச் சோதித்து, படுத்திருக்கும்போது என் இதயம் உதவியில்லாமல் அடிக்கிறது என்று உறுதி செய்துகொண்டு, அந்த நேரத்துக்கு மட்டும் கருவியைச் சும்மா இருக்க வைத்தார். தேவைப்பட்டால் எழுப்ப அவரே வாசலில் நின்றார். ரேடியோ அலையின் பலத்தை எவ்வளவு குறைக்கலாமோ அவ்வளவு குறைத்தார்கள். படம் கொஞ்சம் மங்கும், பரவாயில்லை என்றார் கதிரியக்க டொக்டர். ஒரே மூச்சில் எடுக்காமல் சிறு சிறு தவணையாக, நடுவில் ஆறவிட்டு எடுப்பதாகத் திட்டம்.

பிலோமினா என்னைப் படுக்கவைத்தாள். கைகளைக் கோக்க வேண்டாம், கால்மேல் கால் போட வேண்டாம், தோல் தோலோடு ஒட்டினால் அங்கேயும் சுடலாம் என்றாள். கைக்கும் உடம்புக்கும் நடுவில், தொடைகளுக்கு நடுவில், உலர்ந்த துணி மடித்து வைத்தாள். நாடித்துடிப்புப் பார்க்க விரலில் மாட்டிய கருவியின் வயரைச் சுருளாமல், தோலில் படாமல், நேராக இழுத்துவிட்டாள். பிறகு ஒரு ரப்பர் குமிழை வலது கைக்குள் வைத்தாள்.

“சுட்டா, மயக்கம் வந்தா, எதுன்னாலும் அமத்துங்க. உடனே நிப்பாட்டுவோம்.”

“பிள்ளை, அமத்த ஏலாது எண்டுதானே இஞ்சை வந்தனான்.”

அவள் ஒரு கணம் நின்று, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்து, குமிழை இடது கைக்கு மாற்றினாள். மூன்று மாதத்தில் என் பகிடி சரியாக விளங்கி விழுந்த முதல் சிரிப்பு.

உள்ளே போனேன். மின்வெட்டு நேரத்தில் காலி வீதிக் கடைகளின் ஜெனரேட்டர் எல்லாம் ஒன்றாகக் கத்தும் சத்தம். முதல் தவணை முடிந்தது. “அங்கிள், ஓகேயா?” “ஓம்.” இரண்டாவது தொடங்கியது. நான் என் இதயத்தின் நுனியையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வயரின் நுனிக்காகப் பிரார்த்தித்தேன்.

அப்போது சுட்டது.

சந்தேகமில்லை. சூடு பரவியது, எரிந்தது. அமர்த்தினேன். விட்டால் பிறகு கிடைக்காது என்பதுபோல அமர்த்திக்கொண்டே இருந்தேன். சத்தம் நின்றது. படுக்கை வெளியே வழுக்கியது. பிலோமினா, கதிரியக்க டொக்டர், வாசலில் நின்ற இதய டொக்டர், எல்லோரும் என்மேல் குனிந்தார்கள்.

“எங்க சுடுது அங்கிள்?”

“கழுத்திலை. பின்பக்கம்.”

பிலோமினா என் கழுத்துக்குக் கீழே கையை விட்டாள். கையை எடுத்து மணந்து பார்த்தாள்.

“காலையில என்ன பூசினீங்க?”

சறோ. தினமும் காலையில் கழுத்துக்குத் தைலம் தேய்ப்பவள், அன்றைக்கு முக்கியமான நாள் என்று இரட்டிப்பாகத் தேய்த்துவிட்டிருந்தாள். போர்வைக்குள் உடம்பு வேர்க்க, தைலம் தன் வேலையைச் செய்திருக்கிறது.

இதய டொக்டர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். தோள்கள் குலுங்கின. நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்க, கதிரியக்க டொக்டர் மறித்தார்.

“நீங்கள் செய்தது சரி. தைலமா வயரா என்று கண்டுபிடிப்பது எங்கள் வேலை. சூடு என்றால் அமர்த்துங்கள். நூறு தடவை என்றாலும் நிறுத்துவோம்.”

அன்றைக்கு யாரும் என்னிடம் இதைவிட நல்ல வார்த்தை சொல்லவில்லை. இதை வாசிக்கும் நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். குமிழ் வெட்கப்படுவதற்கு அல்ல. ஈரப் பஞ்சால் தைலத்தைத் துடைத்து, இதய டொக்டர் கருவியை ஒருமுறை சோதித்து, எல்லாம் சரியென்ற பிறகு மீண்டும் போனேன். மிச்சத் தவணைகளில் சுடவில்லை.

முடிந்ததும் கருவியை எழுப்பினார்கள். வயர் நுனி முன்பு எவ்வளவு மின்தட்டுக்கு இதயத்தை அசைத்ததோ, அவ்வளவுக்கே இப்போதும் அசைத்தது. ஆறு கிழமை கழித்துப் பார்த்தபோதும் அப்படியே. படத்தில் இரண்டு வட்டத்தட்டுகள் நரம்புத் தண்டை நெரித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. சத்திரசிகிச்சை செய்தார்கள். கை மெதுவாகத் திரும்பி வந்தது, கோபித்துக்கொண்டு போன ஆள் வீடு திரும்புவதுபோல, ஒவ்வொரு விரலாக.

நசீர் நானா ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து தொப்பியைக் கையில் உருட்டினார்.

“அல்லாஹ் காப்பாத்தினான். நான் எழுதினது ஆமிக்கு, மாஸ்டர். மிசினுக்கு இல்ல.”

“மிசினுக்குக் குடுத்தது நான்தானே நானா.”

புதிய கடிதத்தை அவரே அடித்தார், மூன்று மொழியிலும். கருவியின் பெயர், பற்றரி, வயர், நுனி இருக்கும் இடம், எம்.ஆர்.ஐ.க்கு முன் இதய டொக்டரைக் கேட்கவும் என்ற வரி, எல்லாம். கையெழுத்து வைத்தவர் கதிரியக்க டொக்டர். அடிக்கும்போது ‘வயர்’ என்ற இடத்தில் நானாவின் விரல் ஒரு நொடி நின்றது. நான் தலையாட்டினேன். தட்டினார். சாவடியில் ஒரு பொழுது போகலாம். இதயத் தசை வெந்தால் திரும்ப வராது. கணக்கு அவ்வளவு சின்னது. எனக்குத்தான் விளங்க நாளெடுத்தது.

அந்தக் கடிதத்தோடு முதல் தடவை மறிபட்டது அதே காலி வீதியில். கோல் கீச்சிட்டது. நீட்டினேன். இளம் ஆமிக்காரன் படித்தான், ஒரு வரியில் நின்றான், இரண்டடி பின்னால் போய் மற்றவனைக் கூப்பிட்டான். ஷேர்ட்டைத் திறக்கச் சொன்னார்கள்.

திறந்தேன். மேல் பொத்தான், அடுத்தது, அடுத்தது. வலது கைதான். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் பொத்தான் இருப்பது தெரிந்தது. அதன் விளிம்பு, நடுவிலுள்ள நூல், எல்லாம் தெரிந்தது. நெஞ்சைக் காட்டிக்கொண்டு நின்றேன். கருவி இருந்த இடத்தில் வெயில் பட்டது. வெறும் வெயில். முன்பெல்லாம் சாவடியில் நேரத்தை மணிக்கூட்டில் பார்ப்பேன். அன்றைக்குத் துடிப்பில் எண்ணினேன். எது என்னுடையது, எது கருவியுடையது என்று பிரிக்கத் தெரியாத துடிப்புகள். இருநூறு வரை வந்திருப்பேன், யாரோ தொலைபேசியில் கதைத்து முடித்தார்கள்.

“ஹரி, யன்ன மாத்தயா” என்று கடிதத்தைத் திருப்பித் தந்தான். சரி, போங்கள் ஐயா.

பஸ் சாரதி ஹோர்ன் அடித்தார். எல்லோரும் ஏறிவிட்டிருந்தார்கள். ஆமிக்காரன் கையைக் காட்டி அவசரப்படுத்தினான்.

நான் நடுவீதியில் நின்று, கீழிருந்து மேலாக, ஒவ்வொரு பொத்தானாகப் பூட்டினேன்.